அய்யனாருக்கு ஒரு சுட்டி

சாந்தா வீட்டுக் கன்றுக்குட்டியின் பெயர் சுட்டி. அதற்கு நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, மடிந்து தொங்கும் இடக்காது. கயிற்றை அவிழ்த்துவிட்டால் நேரே பக்கத்து வீட்டு வைக்கோல் போருக்குத்தான் ஓடும். அந்த வீட்டு அமிர்தலிங்கம் பெரியப்பா கம்போடு துரத்துவார்.

உலக யுத்த காலத்தில் ஒரு வருஷம், சிறுவாச்சூர்ப் பக்கம் மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியது. சுட்டி பால்கூடக் குடிக்காமல் சுருண்டுவிட்டது. சாந்தா அழுதுகொண்டே வேண்டினாள்.

"அய்யனாரே, சுட்டி பொழைச்சிட்டா என் கையாலயே மண்ணுல ஒரு கன்னுக்குட்டி செஞ்சு வெக்கிறேன்!"

சுட்டி பிழைத்தது. எழுந்ததும் முதல் வேலையாக வைக்கோல் போருக்குப் போனது.

இனி வேண்டுதலை நிறைவேற்ற வேண்டும். சாந்தாவின் கூட்டாளி வீராயி, மண்பாண்டம் செய்யும் வீட்டுப் பெண். அவளே அழகழகாகக் கன்று செய்வாள்.

"நான் செஞ்சு தரட்டுமா?"

"ஊஹூம். என் கையாலன்னு சொல்லிட்டேனே! நீ வாயால மட்டும் சொல்லு."

"சரி, சீக்கிரம் செய். திருவிழாவுக்கு முன்னாடி ஒரே ஒரு சூளைதான் வெப்பாங்க எங்கப்பா."

சாந்தா செய்த முதல் மண் கன்று நாலுகால் பாய்ச்சலில் ஓடுவதுபோல் இருந்தது. ஆனால் குச்சிக் கால்கள் பாரம் தாங்காமல் மடங்கி, கன்று குப்புற விழுந்தது.

"காலைத் தடியா வெய்யி புள்ள" என்றாள் வீராயி.

அடுத்த கன்று விழவில்லை. உரல் மாதிரி நின்றது. சாந்தாவின் உதடு பிதுங்கியது.

"நல்லாத்தானே நிக்குது?"

"நிக்குது. ஆனா இது யாரு வூட்டுக் கன்னோ! என் சுட்டி இல்ல."

அவள் கோபமாக வீட்டுக்குப் போய்த் தொழுவத்தில் உட்கார்ந்தாள். வயிறு நிறைய வைக்கோல் தின்ற சுட்டி, கால்களை மடக்கிப் படுத்திருந்தது. கழுத்தைத் திருப்பி முகவாயை முதுகின்மேல் வைத்திருந்தது. மடிந்த காது கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சாந்தாவுக்கு ஆசை பொங்கியது. சட்டென்று எழுந்து ஓடினாள்.

"வீராயி! படுத்திருக்கிற மாதிரி செய்யப்போறேன்!"

"படுத்த கன்னா? எல்லாரும் நிக்கிற கன்னுதான் வெப்பாங்க."

"சுட்டி இப்படித்தான் படுக்கும்."

வீராயி கொஞ்சம் யோசித்தாள். "காலும் ஒடியாது, காதும் ஒடியாது. நல்ல யோசனைதான்! ஆனா உள்ள மண்ணு கட்டியா இருந்தா சூளையில வெடிச்சிடும். அடியில குடைஞ்சு எடுத்துடு."

சாந்தா பொறுமையாகச் செய்தாள். அடியில் குடைந்தாள், காதைக் கழுத்தோடு ஒட்டினாள், ஈரக் கையால் தடவினாள். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொழுவத்து நிழலில் காய வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், சுட்டி அந்த ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது!

"அய்யோ!" பின்னாலேயே வந்த வீராயி பதறினாள். "முதுகெல்லாம் வரி வரியா ஆயிடுச்சு. தடவி சரி பண்ணிடு."

சாந்தா குனிந்து பார்த்தாள். முதுகில் சொரசொரப்பான நாக்குத் தடம், ரோமம் படிந்த மாதிரியே இருந்தது.

"வேணாம், இருக்கட்டும். அதுவும் கொஞ்சம் செஞ்சிருக்கு."

சூளை பிரித்த அன்று சாந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சாம்பலுக்குள்ளிருந்து வீராயி எடுத்துக் கொடுத்தாள். விரிசல் இல்லை. காதும் பத்திரமாக இருந்தது.

திருவிழாவன்று அய்யனார் முன் வரிசையாகக் கன்றுகள் விறைப்பாக நின்றன. நடுவில் ஒன்று மட்டும் சொகுசாகப் படுத்திருந்தது. சாமி கும்பிட வந்த அமிர்தலிங்கம் பெரியப்பா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அடடே, இது நம்ம சுட்டியில்ல! என் வைக்கோலைத் தின்னுட்டு இப்படித்தானே படுத்துக் கெடக்கும், திருட்டுக் கழுத!"

சொல்லிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதன் மடிந்த காதை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

சாந்தாவும் வீராயியும் பார்த்துவிட்டார்கள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.