அபிஷேகப்பாக்கத்தில் ஒரு தப்பான கனெக்டர்!

போன் அலறியது!

திரையில், 'பலராமன் அய்யா'.

மதகடிப்பட்டு ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த அருள்தாஸ் சிரித்தான். கேமரா ஒயர் மாட்டுவது அவன் பிழைப்பு. நாற்பத்திரண்டு வயது. ஒற்றை அறை. வாரம் தவறாமல் அவனைக் கூப்பிடுகிற ஒரே பெயர் அதுதான்.

"இன்னாய்யா, மறுபடியும் கேமரா புட்டுக்கிச்சா? வரேன், வரேன்!"

"எஸ்.ஐ. கல்பனா பேசறேன்..." பெண் குரல். "நீ வரத்தான் போற. பலராமன் செத்துட்டாரு!"

பரோட்டாவை அப்படியே விட்டு எழுந்தான்.

அபிஷேகப்பாக்கம்.

உள்ளறையில் பலராமன் மல்லாந்து கிடந்தார். அறுபத்தெட்டு வயது. நாலு ஏக்கர் கரும்பு. மனைவி போய் ஆறு வருடம், மகன் பாரிசில். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் கவிழ்ந்த ஸ்டூல். மேலே, கேமரா ஒயர்கள் வந்து சேரும் பெட்டி திறந்திருந்தது.

அருள்தாசுக்கு அழுகை முட்டியது. இந்த வீட்டில் நின்று அழ அவனுக்கு என்ன பாத்தியதை? அடக்கிக்கொண்டான்.

"காலைல பதினொண்ணு பத்துக்கு ஹால் கேமரா நின்னுடுச்சு," என்றாள் கல்பனா. "அதுவரைக்கும் ஹால் வழியா ஒரு ஈ காக்கா வரல. எவனோ பின்கட்டு வழியா வந்து ஒயர வெட்டிருக்கான். தோ, வெட்டுன துண்டு!"

"இவன்தான் மேடம்!" பாய்ந்தான் கலைவேந்தன். இறந்தவரின் அண்ணன் மகன். "எப்பப் பாரு ஒயரு சரி பண்றேன்னு வருவான். சித்தப்பாகிட்ட மணிக்கணக்கா குசுகுசுன்னு பேசினு இருப்பான்!"

"பதினொரு மணிக்கு எங்க இருந்த?"

"ரூம்ல படுத்துனு இருந்தேம்மா."

"பாத்தவங்க?"

"என்னை யாரும்மா பாக்கப் போறாங்க?"

"பதினொண்ணு இருவதுக்கு உனக்குப் போன் பண்ணிருக்காரு. ஏன் எடுக்கல?"

அருள்தாஸ் சட்டைப் பையிலிருந்த போனைத் தடவினான்.

கல்பனா பெட்டியைக் காட்டினாள். "வெட்டுனவன் சும்மா போகல. ஒயர் நுனில புது கனெக்டர் போட்டு மாட்டிருக்கான். இந்த வேலை யாருக்குய்யா தெரியும்? உனக்குத்தானே?"

தலைமைக் காவலர் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்தபடி விலங்கை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா... அத பாத்துடறேன்!"

பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"இது நான் போட்டதில்லம்மா! வூட்டுக்குள்ள சுவத்துல ஓடற ஒயருக்கு உள்ள கெட்டியான ஒத்தச் செம்புக் கம்பிங்க. அதுக்கு மூணு பல்லு கனெக்டர்தான் போடணும். ரெண்டு பக்கமும் கம்பியக் கவ்விக்கும். கீழ கெடக்குது பாருங்க, வெட்டுன துண்டு... அதான் நான் போட்டது, மூணு பல்லு. மேல மாட்டிருக்கறது ரெண்டு பல்லு!"

"பல்லுல இன்னாய்யா இருக்கு?"

"ரெண்டு பல்லு, மெல்லிசு இழைங்கள முறுக்குன ஒயருக்கு. கம்ப்யூட்டர் பின்னாடி வளைஞ்சு கெடக்குமே, அதுக்கு. கெட்டிக் கம்பில அந்தப் பல்லு எறங்காது. கொஞ்ச நேரம் ஓடும்... அப்புறம் விட்டுடும். இத போட்டா மறுநாளே நான்தானேம்மா வந்து நிக்கணும்?"

கல்பனா யோசித்தாள். சட்டென்று திரும்பினாள்.

"கலைவேந்தா! நீ இன்வெர்ட்டர் கடை வெச்சிருக்க இல்ல? இந்த நிலத்துக்கு சித்தப்பா மேல கேஸ் போட்டவனும் நீதானே?"

"அய்யோ மேடம்! இல்ல மேடம்!"

விலங்கு கை மாறியது!

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அருள்தாஸ் தப்பித்தான். வாயைத் திறந்தாலோ, ஊரே பலராமனைப் பார்த்துச் சிரிக்கும். செத்த மனிதரின் முகத்தை ஒருமுறை பார்த்தான். விலங்கு ஏறிய கலைவேந்தனின் கையையும் பார்த்தான்.

"அவர வுடுங்கம்மா... இது கொலையே இல்ல."

"இன்னாது?"

"இந்த வூட்டுல எங்கனா ஒரு கிரிம்பிங் டூல் இருக்கும். தேடிப் பாருங்க."

பீரோவில், மடித்த வேட்டிகளுக்கு நடுவே இருந்தது. கனெக்டரை ஒயரில் அழுத்துகிற கருவி. ஒரு பாக்கெட் ரெண்டு பல்லு கனெக்டர். கூடவே, வெட்டிய மூணு பல்லு கனெக்டர்கள்... பதினொன்று!

"கீழ கெடக்கறது பன்னெண்டாவது," என்றான் அருள்தாஸ். "எல்லாம் நான் போட்டது. ஒருநாள் டீ குடிச்சினு இருந்தப்ப எந்த ஒயருக்கு எதுன்னு கேட்டாரு. சொல்லிக்குடுத்தேன். அதிலேர்ந்து நான் போனதும் என்னுத வெட்டிட்டு, வேணும்னே தப்பானத மாட்டுவாரு. கேமரா நிக்கும். என்னைக் கூப்புடுவாரு. இன்னைக்கும் ஏறிருக்காரு... எறங்கறப்ப ஸ்டூல் கவுந்துடுச்சு."

"எதுக்குய்யா?"

"நான் வரணும்னு."



கல்பனாவின் கண் இடுங்கியது. "உனக்கு எப்ப தெரியும்?"

"மொத தடவையே."

"தெரிஞ்சே வந்தியா?"

"பல்லப் பாத்தாலே தெரிஞ்சுடுமேம்மா. ஆனா கேட்டா... அப்புறம் கூப்புட மாட்டாரே? எனக்கு மட்டும் யாரு இருக்கா?"

"அப்ப இன்னைக்கு ஏன் போன எடுக்கல?"

அவன் குரல் உடைந்தது. "நமக்காக ஒருத்தர் காத்துனு இருக்காருன்னா நல்லா இருக்கும்மா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு... வுட்டேன்."

இப்போது யாரையும் கேட்காமல் அழுதான்.

"போஸ்ட்மார்ட்டம் வரட்டும்." கல்பனா நோட்டில் எழுதினாள். "ஏன்யா, வாங்க பேசலாம்னா முடிஞ்சது. எதுக்கு இந்தக் கூத்து?"

"நான் இந்த ஊரு காலனில பொறந்தவம்மா. அவரு ஊர்க்காரரு. சும்மா வந்து சரிசமமா உக்காந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. ஒயரு பாக்க வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கலைவேந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

கல்பனா நோட்டை மூடினாள்.

"நல்லா இருக்குய்யா உங்க ஊரு! ரெண்டு ஆம்பளைங்க உக்காந்து டீ குடிக்கறதுக்கு, ஒரு பாவமும் அறியாத கேமராவ பன்னெண்டு வாட்டி கொன்னிருக்கீங்க!"