நாற்பத்தேழுக்குப் பதில்

ஜவுளிக்கடையை மூடிவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்காரரை, "மாமா, வாயை மட்டும் வெச்சுச் செய்ற வேலை ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?" என்று கேட்டது அவருடைய மாப்பிள்ளைதான். முப்பது வருஷம் வாயால் துணி விற்றவரை இப்படிக் கூப்பிட்டால் வராமல் இருப்பாரா? அடுத்த திங்கட்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

வந்து இறங்கிய இடத்தை விமான நிலையம் என்று சொன்னால் அந்த வார்த்தையே கோபித்துக்கொள்ளும். நீளமாக ஒரு புல்தரை, அதுதான் ரன்வே. அதன் ஓரத்தில், சரியாக நடுவில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பின்னால் ஒரு கொட்டகை. கிழக்கு முனை வெட்டவெளி. மேற்கு முனையைத் தாண்டினால் ஒரு குன்று, அதன் காலடியில் ஏரி. பார்சல் ஏற்றும் சின்ன விமானங்கள் நாளைக்கு நாலு வரும், நாலு போகும். அதில் ஒன்றை ஓட்டுகிறவர் மாப்பிள்ளை.

வேலை சொல்லிக் கொடுத்தவர் அங்கே இருந்த ஒரே மெக்கானிக். ஊரே அவரை ஸ்பானர் என்றுதான் கூப்பிட்டது.

"பெரிய ரேடியோ ரிப்பேருக்குப் போயிருக்கு. அது வர்ற வரைக்கும் இதுதான்" என்று ஒரு கறுப்புப் பெட்டியை நீட்டினார். கைக்குள் அடங்குகிற அளவு. தலையில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு ஏரியல், நெற்றியில் ஒரு மஞ்சள் விளக்கு.

"வாக்கி டாக்கியா?"

"வாட்ச்மேன் இடுப்புல தொங்குறது வாக்கி டாக்கி. இது பிளேனோட பேசுறது. மரியாதையாப் பிடிங்க, கடைக்காரரே. பக்கத்துல இருக்கிற பட்டனை அழுத்தினா நீங்க பேசலாம். விட்டாத்தான் கேக்கலாம். ரெண்டும் சேர்ந்து நடக்காது."

"கல்யாணமாகி இத்தனை வருஷமான ஆளுக்கு இதைப் பாடம் எடுக்கிறீங்களே! என்ன, எங்க வீட்டுல பட்டன் என் கையில இல்ல."

ஸ்பானர் சிரிக்கவில்லை. "லைன் ஒண்ணுதான். ஒருத்தர் அழுத்திட்டிருந்தா வேற யாரும் நுழைய முடியாது. ரெண்டு பேர் சேர்ந்து அழுத்தினா விசில் சத்தம்தான் வரும். மஞ்சள் விளக்கு எரிஞ்சா யாரோ லைன்ல இருக்காங்கன்னு அர்த்தம். நீங்க ஒண்ணு சொன்னா, பைலட் அதையே திருப்பிச் சொல்லி, கடைசியில தன் பிளேன் நம்பரையும் சொல்வார். சொன்னதைச் செய்யப் போறார்னு அதுக்கு அர்த்தம்."

"நாங்களும் அப்படித்தான். வாடிக்கைக்காரர் சொன்ன அளவைத் திருப்பிச் சொல்லாம கத்தரியைத் தொட மாட்டோம்."

நாலு நாளில் கடைக்காரர் தொழிலைப் பிடித்துவிட்டார். எந்த முனையிலிருந்து இறங்க வேண்டும், ரன்வே காலியா இல்லையா என்று சொல்வார். இறங்கிய விமானம் ஓரங்கட்டி, "ரன்வேயை விட்டு விலகிட்டேன்" என்று பைலட் சொல்கிற வரைக்கும் அடுத்தவரை விட மாட்டார். ஒருவர் துணியைக் கையில் வைத்திருக்கும்போது இன்னொருவருக்கு அதைக் காட்டக் கூடாது, அவ்வளவுதானே!

ஐந்தாம் நாள் காலையில் மகள் போன் செய்தாள். அவளுக்கு ஏழாம் மாசம்.

"அப்பா, அவரைப் பத்திரமா இறக்கிடுங்க."

"உன் புருஷன் என்ன கண்ணாடிச் சாமானா? அதெல்லாம் இறக்கிடுவேன், போ."

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஏரியிலிருந்து பனி எழுந்தது.

முதலில் குன்று போனது. பிறகு மேற்கு முனை. பால் பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி, அவசரமே இல்லாமல், ரன்வேயின் மேல் ஊர்ந்து வந்தது. கிழக்குப் பாதி மட்டும் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. காற்று நின்றுவிட்டது. எங்கிருந்தோ ஈர மண்ணின் வாசனை, அதற்கு அடியில் பெட்ரோல் வாசனை.

ஸ்பானர் கையைத் துடைத்துக்கொண்டே அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். சாத்தியவர் தாழ்ப்பாளும் போட்டார்.

"இன்னும் யார் வரணும்?"

"மாப்பிள்ளை மட்டும்தான். கால் மணி நேரத்துல வந்துடுவாரு."

"கடைக்காரரே, ஒரு விஷயம். நாற்பத்தேழுன்னு யாராவது கூப்பிட்டா பதில் சொல்லாதீங்க."

"ஏன்? யாரு அது?"

ஸ்பானர் கண்ணாடி வழியாகப் பனியைப் பார்த்தபடி சொன்னார். "உங்களுக்கு முன்னாடி இருந்தவரு இந்தப் பெட்டியை இடுப்புல செருகிட்டு உட்காருவாரு. தொப்பை கொஞ்சம் பெருசு. ஒரு நாள் இதே மாதிரி பனி. தொப்பை பட்டனை அழுத்திட்டிருந்தது அவருக்குத் தெரியல. பதினோரு நிமிஷம் லைன் அடைஞ்சு கிடந்துச்சு. மேல நாற்பத்தேழு சுத்திச் சுத்தி வந்து கேட்டிருக்காரு. யார் காதுலயும் விழல. எந்த முனை திறந்திருக்குன்னு சொல்ல ஆளில்லை. எரிபொருள் தீர்ந்துச்சு. மேற்குப் பக்கமா இறங்கிப் பார்த்தாரு."

குன்று இருந்த திசையை அவர் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை.

"இந்தப் பெட்டியா?"

"இதே பெட்டிதான்."

மஞ்சள் விளக்கு எரிந்தது.

குரல் எதுவும் வரவில்லை. உப்பு பொரிகிற மாதிரி மெல்லிய சத்தம். அதற்குப் பின்னால் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது.

"நாற்பத்தேழு. ரன்வே காலியா?"

களைத்த குரல், மரியாதையான குரல். கடை மூடுகிற நேரத்தில் வந்து, "இருக்குதுங்களா?" என்று வாசலிலேயே நின்று கேட்கிறவரின் குரல்.

ஸ்பானர் விரலை உதட்டில் வைத்தார்.

"நாற்பத்தேழு. எந்தப் பக்கமா இறங்கணும்?"

விளக்கு அணையவே இல்லை. பேசாதபோதும் எரிந்துகொண்டே இருந்தது. திடீரென்று காதைக் கிழிக்கிற விசில். அதற்கு நடுவில் துண்டு துண்டாக மாப்பிள்ளையின் குரல்.

"மாமா... கேக்குதா... கீழ ஒண்ணுமே தெரியல... பத்து நிமிஷத்துக்குத்தான் எண்ணெய்..."

கடைக்காரர் பட்டனை அழுத்தினார். "மாப்பிள்ளை! கிழக்குப் பக்கமா வாங்க! கிழக்கு!" விட்டார். விசில்தான் பதில். மறுபடியும் அழுத்தினார், கத்தினார். மறுபடியும் விசில். ஸ்பானர் செல்போனில் முயன்றார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார் மாப்பிள்ளை.

விசிலுக்குள் மறுபடியும்: "...மேற்குப் பக்கமா... வந்து பார்க்கறேன் மாமா..."

கடைக்காரர் பெட்டியை உலுக்கினார்.

"இவரு லைனை விட மாட்டேங்கிறாரே!"

"விட மாட்டாரு. பதில் கிடைக்கிற வரைக்கும் விட மாட்டாரு. ஆனா பதில் சொல்லக் கூடாது" என்றார் ஸ்பானர்.

"ஏன்?"

"சொன்னா இறங்கிடுவாருல்ல!"

கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார். பேரம் முடியாத வாடிக்கைக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர் உள்ளே வர முடியாது. முப்பது வருஷத்தில் அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான். அப்படிப்பட்டவரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

அழுத்தினார்.

"நாற்பத்தேழு, சொல்லுங்க."

விளக்கு அணைந்து எரிந்தது. நீளமாக ஒரு மூச்சு. தலைச்சுமையை இறக்கி வைக்கிறவரின் மூச்சு.

"...யாரோ பேசிட்டாங்க."

"ஐயா, நீங்க முன்னாடி வந்தவரு, ஒத்துக்கறேன். உங்க பின்னாடி ஒருத்தர் வர்றாரு. எண்ணெய் இல்லாம வர்றாரு. அஞ்சு நிமிஷம் விட்டுக் கொடுங்க."

"என்கிட்டயும் இல்ல."

"அவரு சம்சாரத்துக்கு ஏழாம் மாசம்."

இந்த இடத்தில் எப்பேர்ப்பட்ட ஆளும் கொஞ்சம் இளகுவார். கடைக்காரர் காத்திருந்தார்.

"எனக்கும் ஒரு வீடு இருந்துச்சு" என்றது குரல்.

அதற்கு மேல் பேரம் இல்லை. ஸ்பானர் கையைப் பிடித்துத் தடுப்பதற்குள் கடைக்காரர் சொல்லிவிட்டார்: "நாற்பத்தேழு, ரன்வே காலி. கிழக்குப் பக்கமா இறங்குங்க."

"கிழக்குப் பக்கமா இறங்குறேன். நாற்பத்தேழு."

விளக்கு அணைந்தது.

கூரைக்கு மேல் எதுவோ கடந்தது. தகரம் நடுங்கியது. மேஜையில் இருந்த டீ டம்ளர் நகர்ந்து விளிம்புக்கு வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, காற்றைக் கிழிக்கிற சத்தம் மட்டும். கிழக்கு முனையில் ஈரப்புல் இரண்டு கோடுகளாக மடங்கத் தொடங்கியது. கோடுகள் வேகமாக வந்தன, மெதுவாக வந்தன, நடு ரன்வேயில் அறைக்கு நேரெதிரே நின்றன.

கோடுகளின் முடிவில் ஒன்றுமே இல்லை.

"மாமா!" லைன் இப்போது கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. "மாமா, கேக்குதா?"

"கேக்குது மாப்பிள்ளை! மேற்கு வேண்டாம். கிழக்குப் பக்கமா வாங்க!"

"கிழக்குப் பக்கமா வர்றேன், பதினெட்டு. எஞ்சின் இருமுது மாமா. இன்னொரு சுத்து சுத்த முடியாது. ரன்வே காலியா?"

கடைக்காரர் கண்ணாடி வழியாகப் புல்லைப் பார்த்தார்.

காலியா?

கண்ணுக்குக் காலி. ஆனால் புல் அங்கே இன்னும் அமுங்கித்தான் கிடந்தது. எதுவோ அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

"நாற்பத்தேழு, ரன்வேயை விட்டு விலகுங்க."

புல் நிமிரவில்லை.

"நாற்பத்தேழு, தயவுசெஞ்சு விலகுங்க. பின்னாடி ஆள் வர்றாரு."

"எங்கே போகணும்?" குரலில் முதன்முறையாகப் பயம் இருந்தது. "இறங்கின பிறகு என்ன செய்யணும்னு தெரியல. நான் இதுவரைக்கும் இறங்கினதே இல்லையே."

கிழக்கே, தாழ்வாக, விட்டு விட்டு இருமுகிற ஒரு எஞ்சின். பனியின் விளிம்பில் மாப்பிள்ளையின் விளக்கு தெரிந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிப் போ என்று சொல்லியிருக்கலாம். ஏரிப் பக்கம் போ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவசரத்தில் மனுஷனுக்கு வாயில் வருவது பழக்கத்தில் இருக்கிற வார்த்தைதான். வாசலில் தயங்கி நின்ற அத்தனை பேரிடமும், முப்பது வருஷம், தினமும் நூறு தடவை சொன்ன வார்த்தை.

"அங்கே நிக்காதீங்க. உள்ள வாங்க."

ஸ்பானர் தலையில் கை வைத்தார்.

"உள்ள வர்றேன். நாற்பத்தேழு."

கோடுகள் திரும்பின. புல்லை மடித்துக்கொண்டு நேராக அறையை நோக்கி வந்தன. ரன்வேயில் அமுங்கிக் கிடந்த புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது.

"பதினெட்டு, ரன்வே காலி! இறங்குங்க!"

மாப்பிள்ளையின் சக்கரங்கள் தரையைத் தொட்டன, துள்ளின, மறுபடியும் தொட்டன. அந்த நேரத்தில் எஞ்சின் செத்தது. விமானம் தானாக உருண்டு போய் ரன்வே ஓரத்தில் நின்றது. கண்ணாடிக்கு உள்ளிருந்து ஒரு கை அசைந்தது.

கடைக்காரரும் கையசைத்தார். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

வாசல்படியில் காலடிச் சத்தம்.

ஒன்று. இரண்டு. ஈரச் செருப்பு சிமெண்டில் ஒட்டிப் பிரிகிற சத்தம்.

ஸ்பானர் பெட்டியைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை உருவி மேஜையில் போட்டார். மஞ்சள் விளக்கு செத்தது. இருவரும் கதவைப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. யாரும் அதைத் தட்டவில்லை.

பெட்ரோல் வாசனை மட்டும் உள்ளே வந்தது. கூடவே கருகிய துணியின் வாசனை. கருகினால் பருத்தி எது, பட்டு எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவர் கடைக்காரர். இது முரட்டுப் பருத்தி. சட்டைத் துணி.

மூலையில் இருந்த இரும்பு நாற்காலி, பாரம் ஏறினாற்போல், மெதுவாகக் கிறீச்சிட்டது.

"பேசாதீங்க" என்று முணுமுணுத்தார் ஸ்பானர். "எதுவும் சொல்லாதீங்க. நீங்க சொன்னா அவரு செய்வாரு."

இருவரும் அசையாமல் நின்றார்கள். வெளியே மாப்பிள்ளை விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே சீட்டியடிப்பது கேட்டது.

கடைக்காரரின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

மகள். எடுக்காமல் இருந்தால் பயந்துபோவாள். ஏழு மாசக்காரி.

"அப்பா! ஏம்ப்பா போன் பண்ணவே இல்ல? எவ்வளவு நேரமா காத்திருக்கேன்! அவரு இறங்கிட்டாரா?"

"இறங்கிட்டாரும்மா" என்றார். நெஞ்சில் இருந்த அத்தனை பாரமும் அந்த ஒரு வார்த்தையில் கரைந்தது. அடுத்த வார்த்தை தானாக வந்துவிட்டது. "நல்லபடியா இறங்கிட்டாரு. நேரா வீட்டுக்குத்தான்."

ஸ்பானர் கண்ணை மூடிக்கொண்டார்.

பேட்டரி இல்லாத பெட்டி மேஜையில் கிடந்தது. குரல் அதிலிருந்து வரவில்லை. மூலையிலிருந்து வந்தது.

"நேரா வீட்டுக்குத்தான். நாற்பத்தேழு."

கடைக்காரர் செல்போனைக் கையால் பொத்தினார். ஒரு நொடி தாமதம்.

"யாருப்பா அது, பக்கத்துல?" என்றாள் மகள். அவரிடம் வளர்ந்தவள், வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்பத் தெரியாதவள். "களைச்ச குரலா இருக்கே. அதனால என்ன, அவரையும் கூட்டிட்டு வாங்கப்பா."

மூலையில் நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது, உட்கார்ந்திருந்தவர் எழுந்தாற்போல்.