பனி உருகிய இடம்

தெருவில் எல்லாக் கூரைகளும் வெள்ளையாக இருந்தன. நைஜல் வீட்டுக் கூரையில் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குப் பனி உருகி, கறுப்பு ஓடு தெரிந்தது.

"என்னப்பா, காக்கா குளிர்காய அடுப்பு மூட்டி வெச்சிருக்கியா?" வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரெக் சிரித்தார். "பரண்ல பஞ்சு போடு. வீட்டுச் சூடு பூரா மேல போகுது பாரு."

நைஜலும் சிரித்துவைத்தான். பஞ்சு போட்டு நாலு நாளாகிவிட்டது என்று சொல்லவில்லை.

எல்லாம் எல்சிக்காகத்தான். ஐந்து மாதக் குழந்தை, அதற்குள் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. இன்னொரு முறை சளி பிடித்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சின்ன அறையை அடைத்திருந்த பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டு, அங்கே தொட்டிலைப் போட்டு, அறையைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். பெட்டிகளைத் தாங்கப் பஞ்சுக்கு மேலே பலகை அடிப்பதுதான் பாக்கி.

ஏணியில் ஏறித் தலையை நீட்டியதும், பழைய கரியும் தூசியும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில், யாரோ இரவெல்லாம் தூங்கி எழுந்த படுக்கையின் வாடை மெல்லிசாக அடித்தது. முழங்கால் உயரத்துக்கு அவன் பரப்பியிருந்த பஞ்சு, சின்ன அறைக்கு நேர் மேலே மட்டும் தட்டையாக அமுங்கிக் கிடந்தது. தலை. தோள். இரண்டு குதிகால். கையை வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது.

அப்போதே இறங்கி ஓடியிருக்கலாம். ஓடி, மனைவி ஹேசலிடம் என்னவென்று சொல்வது? பயத்தில் வேலையை வேகப்படுத்தினான். பஞ்சு அமுங்கக் கூடாது என்பதற்காகவே கால்கட்டை நட்டு அதன்மேல் பலகை அடிப்பார்கள். பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுவார்கள். கடைசிப் பலகை அந்த இடைவெளியை மூடும் நேரத்தில், பஞ்சு மெதுவாக எழும்பித் தாழ்ந்தது.

மூலைக்கு ஒரு திருகாணி போதும். அவன் நாலு விரலுக்கு ஒன்று முடுக்கினான்.

"இன்னுமா முடியல? கப்பலா கட்டுற மேல?" கீழிருந்து ஹேசல் கத்தினாள். "டீ ஆறுது!"

"முடிஞ்சிருச்சு" என்றான். அன்று சாயந்திரமே பெட்டிகள் பரணுக்கு ஏறின, தொட்டில் சின்ன அறைக்கு வந்தது.

இரவு மறுபடி பனி கொட்டியது. மறுநாள் காலை அவன் கூரையும் முழுக்க வெள்ளை.

"இப்பத்தான்யா வீடு!" ரெக் கட்டைவிரலை உயர்த்தினார். "இனிமே பொட்டுச் சூடு மேல போகாது."

நைஜலுக்கு அழுகை வரும்போல இருந்தது, அத்தனை நிம்மதி. உள்ளே திரும்பியவனின் கால் படியிலேயே நின்றது.

மேலே போகாது. வழியை அவனே அடைத்துவிட்டான்.

ஓடினான்.

சின்ன அறை வாசலில் ஹேசல் உதட்டில் விரல் வைத்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சந்தோஷம். "உஷ்... ராத்திரி பூரா இருமவே இல்ல. ஹீட்டர்கூடப் போடல, ரூம் எப்பிடி வெதுவெதுன்னு இருக்கு பாரேன்."

படுக்கை வாடை.

தொட்டிலுக்கு மேலே, அறையின் சுண்ணாம்பு உட்கூரை கீழ்நோக்கிப் புடைத்திருந்தது. நெற்றி. தோள். முழங்கால். எழும்பியது. தாழ்ந்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கீழே. போர்வையில் வெள்ளைத் துகள் உதிர்ந்தது.

எல்சி விழித்துத்தான் இருந்தாள். அழவில்லை. மேலே பார்த்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள், தூக்கச் சொல்லி.