கிளிஞ்சல் திட்டில் உயிரோடு ஒரு வாத்து

மாலை ஐந்து மணிக்குள் உயிருள்ள, நோயுற்ற ஒரு பறவை வேண்டும். இல்லையென்றால் மீனவர் குப்பத்தின் வாத்துகள் அத்தனையும் குழிக்குள் போய்விடும். அந்த ஒரே நினைப்போடு ஃபௌசியா படகில் ஏறினாள்.

முத்துப்பேட்டைக் காயலில் பறவைகள் கழுத்து துவண்டு செத்துக்கொண்டிருந்தன. குப்பத்திலும் சில வாத்துகளுக்கு அதே கதி. அருகிலிருந்த பண்ணையில் கோழிகள் மடிந்ததும், இது பறவைக் காய்ச்சல், குப்பத்து வாத்துகள்தான் பரப்பின என்று பண்ணை முதலாளி சொன்னார். கால்நடைத் துறை அதிகாரி ஆய்வு முடிவுக்குக் காத்திருக்காமல் வாத்துகளைக் கொன்று புதைக்க உத்தரவிட்டார். நோயுற்ற வாத்துகளை நேற்றே புதைத்துவிட்டார்கள். இன்று நலமாக இருப்பவற்றின் முறை.

கால்நடை மருத்துவ ஆராய்ச்சி மாணவியான ஃபௌசியாவின் சந்தேகம் வேறு. அழுகும் உடலில் ஒரு நஞ்சு உருவாகும். அது புழுக்களில் சேரும். அந்தப் புழுக்களைத் தின்ற வாத்துக்குக் கழுத்து நிற்காது. ஆனால் போன வாரம் அவள் ஆய்வுக்கு அனுப்பியவை எல்லாம் செத்த பறவைகள். செத்த பிறகும் உடலில் அந்த நஞ்சு ஊறக்கூடும் என்பதால் ஆய்வகம் அவற்றை ஏற்கவில்லை. படித்த பாடத்தை அவசரத்தில் மறந்திருந்தாள். கோபத்தில் பாதி அவள் மீதே இருந்தது.

படகோட்டி வீரக்குமாரும் விடவில்லை. அவன் மனைவியின் நாற்பது வாத்துகளும் பட்டியலில் இருந்தன.

"செத்ததையெல்லாம் பொறுக்கிட்டுப் போனீங்களே டாக்டரம்மா, பொணம் வந்து சாட்சி சொல்லுமா?"

அவள் குளிர்பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் குறுகியது. வேர்கள் படகின் அடியைச் சுரண்டின. நீர் வற்றுகிறது, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும் என்று அவன் எச்சரித்தான். காயல் பறவைகள் இரை மேயும் கிளிஞ்சல் திட்டை நெருங்கும்போதே நாற்றம் முகத்தில் அறைந்தது.

முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு குதித்தாள். தொடை வரை சேறு இழுத்தது! வீரக்குமார் பலகையை வீசி, குப்புறப் படுத்து நகரச் சொன்னான். நகர்ந்தாள்.

திட்டின் மேல் மூட்டைகள் கிழிந்து கிடந்தன. உள்ளே அழுகிய கோழிகள். அவற்றின் மேல் வெள்ளையாக நெளியும் புழுக்கள். ஒவ்வொரு சாக்கிலும் பண்ணையின் முத்திரை. முத்திரை தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள்.

சுற்றிலும் கிடந்த வாத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பதினோரு வாத்துகள் விறைத்திருந்தன. பன்னிரண்டாவது ஒரு ஊசிவால் வாத்து. தலை சேற்றில் புதைந்திருந்தது, ஆனால் கண் சிமிட்டியது. இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். வாத்தைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது வாய்க்கால் பாதி வறண்டிருந்தது. இருவரும் இறங்கி, இடுப்பளவு சேற்றில் படகைத் தள்ளினார்கள். கரை சேர்ந்தபோது மணி நாலரை. குழியைச் சுற்றி, வாத்துக் கூடைகளை மடியில் வைத்தபடி பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

உத்தரவு போட்டாயிற்று, ஒதுங்கும்மா என்றார் அதிகாரி.

கூட்டத்தில் தன் பெயரைக்கூடச் சத்தமாகச் சொல்லாதவள் ஃபௌசியா. இப்போது குரலைத் தாழ்த்தவில்லை.

"முடிவு வர்றதுக்கு முன்னாடி எப்படி சார் உத்தரவு போட்டீங்க? இந்த ரத்தம் லேபுக்குப் போகுது. மூட்டையில யாரோட முத்திரை இருக்குங்கிற போட்டோவும் போகுது. இனிமே ஒரு வாத்தக் கொன்னீங்கன்னா, ஏன் கொன்னோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். அதிகாரி பேனாவைப் பார்த்தார், வாங்கவில்லை. முடிவு வரட்டும் என்று முணுமுணுத்து ஜீப்பில் ஏறினார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் அவள் சொன்ன அதே நஞ்சு. பண்ணைக் கோழிகள் செத்தது வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோயால். முதலாளி அதை மறைத்துத் திட்டில் கொட்டியிருந்தார். பண்ணைக்குச் சீல் வைத்தார்கள். அன்று மாலை வாத்துகள் கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்க, குப்பமே கரையில் நின்று பார்த்தது.

'நிர்வாகக் காரணங்களால் உத்தரவு ரத்து' என்று ஒரு வரி மட்டும் அதிகாரியிடமிருந்து வந்தது. அதைப் படித்ததும் ஃபௌசியாவுக்கு மறுபடி கோபம் ஏறியது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் படிவத்தை எடுத்து, முதல் கேள்வியாக 'பறவை உயிரோடு இருக்கிறதா?' என்று சேர்த்தாள். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று கேட்பவர்களுக்காக, தன் தவறைத் தன் பெயரோடு அடியில் எழுதிவைத்தாள்.

அதிகாரி தன்னுடையதை இன்னும் எழுதவில்லை.