மஞ்சள் கோடு

அந்தக் கோட்டை நாச்சியார் போடவில்லை.

கரண்ட் போய் ஃபேன் நின்றதும் அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு முகத்தில் இறங்கிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு வறுக்கும் வாசனை கதவிடுக்கில் நுழைய, பகல் தூக்கத்துக்காக ஜன்னலில் ஒட்டியிருந்த அட்டையின் கிழிசல் வழியே விரல் அகலத்துக்கு வந்த வெயில், சுவரோரம் நின்ற வண்டியின் பின்சக்கரத்தில் விழுந்து, அச்சை இறுக்கும் பெரிய நட்டின் மேல் அசையாமல் கிடந்தது. நட்டிலிருந்து அச்சின் முனைவரை குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. காலையில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தபோது அது இல்லை. பாயிலிருந்து கை நீட்டித் தொட்டாள். விரலில் ஒட்டியது. பெயின்ட் தின்னர் நெடி தொண்டை வரை ஏறியது.

கோடு போடும் மஞ்சள் பெயின்ட் பேனாவை ஐந்து மாதத்துக்கு முன்பே ஏரியில் எறிந்திருந்தாள்.

கம்பெனியில் அவள் வேலையே அதுதான். டார்க் ரெஞ்சால் நட்டை இறுக்க வேண்டும். வேண்டிய இறுக்கம் வந்ததும் ரெஞ்சு 'டக்' என்று சொல்லும். உடனே நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு கழன்றால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோட்டைப் பார்த்த பிறகு அடுத்த ஆள் அந்த நட்டைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. லைன் வேகமாக ஓடும் நாட்களில் மட்டும், சூப்பர்வைசர் கண்ணுக்குத் தெரிவது கோடுதான் என்பதால், எல்லோரும் முதலில் கோட்டைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அப்புறம் இறுக்குவார்கள். நாச்சியாரும் அப்படித்தான். லைனில் அவள் ஒருநாளும் இறுக்க மறந்ததில்லை.

வண்டி அவள் புருஷன் பேச்சிராஜின் யோசனை. கோவில்பட்டியிலிருந்து இரண்டு பேரும் கம்பெனி வேலைக்காக வல்லம் வடகாலுக்கு வந்து, கிளியம்மாளின் லைன் வீட்டில் குடியேறிய முதல் வருஷம், அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளின் சத்தம் காலையில் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. அவளுக்கு நைட் ஷிப்ட், அவனுக்குப் பகல் வேலை. "நீ தூங்கையில ஒன்ன எழுப்பாமப் போற மாதிரி ஒரு வண்டி செய்யுதேன் பாரு" என்றான். மொபெட் ஒன்றின் உடம்பில், தூக்கிப்போட்ட லேப்டாப்களின் பேட்டரிகளைப் பிரித்துக் கோத்த பெட்டி. பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டில் அறுபதில் ஏறும். அத்தனை வலுவுள்ள மோட்டார் தன் அச்சையே திருகிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும் என்பதால், லேத் பட்டறை ஐயனார் அச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புத் தகடு வெட்டிக் கொடுத்தான். தகட்டையும் அச்சையும் சேர்த்துப் பிடிப்பது அந்த ஒரு நட்டு. அதை இறுக்கிக் கோடு போடுவது மட்டும் எப்போதும் நாச்சியாரின் வேலை.

மாசி மாதத்தில் ஒரு காலை. பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டிவிட்டு, "இறுக்கிக் கோடு போட்டுரு, குளிச்சிட்டு வாரேன்" என்று போனான். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள் அவளுக்கு. கோட்டைப் போட்டாள். ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள், இரண்டே நிமிஷம் என்று. அவன் வந்து கோட்டைப் பார்த்திருக்கிறான். மடியிலிருந்த ரெஞ்சை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறான். அவள் தலைக்குக் கீழே தலையணையைச் செருகியிருக்கிறான். அவளை எழுப்பாமல் போயிருக்கிறான்.

பாலத்து மேட்டில் சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் கன்டெய்னர் லாரி.

நட்டைத் தேடியவர் யாருமில்லை. ஐயனாரின் தகடு முறுக்கிக்கொண்டு கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதனால் ஐயனார் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவன் மனைவி கங்கா ஒருநாள் வந்து, "சோத்துல கைய வச்சிக்கினு அப்பிடியே குந்தினுகீறாருக்கா. என் தகடுதான் அவன கொன்னுச்சுன்னு அதையே சொல்லிகினுகீறாரு" என்று அழுதாள். நாச்சியார் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வேறு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை போதும், அந்த மனிதன் எழுந்து நடமாடுவான். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் பேச்சிராஜுக்கும் அது தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது வரை அவனுக்குத் தெரியாது. தலையணையைச் செருகிய கையோடு போனவன்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மழையில் கிடந்த வண்டியை ஐயனார்தான் மீட்டு அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். வளைந்த இரும்பை நிமிர்த்தினான். புதுக் கம்பிகள், புது வயர்கள், அதே அளவில் இன்னொரு தகடு. ஞாயிற்றுக்கிழமை அதே பாலத்தில் அதே வேகத்தில் தானே ஓட்டிப் பார்க்கப்போவதாகச் சொன்னான். "தாங்குச்சுன்னா நான் பட்டறைக்குப் போவேம்மா. தாங்கலன்னா, சரி, போனவன் கூடவே போறேன்."

புதன்கிழமை ராத்திரி வேலைக்குக் கிளம்புமுன் அவள் நட்டை இறுக்கினாள். மூன்று முறை 'டக்' கேட்டாள். கோடு மட்டும் போடவில்லை.

இது வியாழன் பகல். ஈரக் கோட்டின் மேல் நட்டைப் பிடித்துத் திருப்பினாள். ரெஞ்சு தேவைப்படவில்லை. இரண்டு விரலுக்கே சுழன்றது.

மறுபடி இறுக்கினாள். துணியில் தின்னர் தொட்டுக் கோட்டைத் துடைத்தாள். வெள்ளிக்கிழமை பகலில் விழித்தபோது கோடு இருந்தது. நேராக, அழகாக, அவள் கை போடுகிற மாதிரியே கடைசியில் சற்றுத் தடித்து. நட்டு தளர்ந்திருந்தது. தாழ்ப்பாள் உள்ளே போட்டபடியே இருந்தது.

சனிக்கிழமை குழாயடியில் கிளியம்மாள் நிறுத்தினாள். "இன்னாம்மா, பகல்ல தூங்குறேன்னு கதவ சாத்திக்கிற. உள்ள இன்னா வேல நடக்குது?"

"ஒண்ணுமில்லையே ஆச்சி. தூங்கத்தான் செய்யுதேன்."

"தூங்குற பொம்பள வூட்டுல டக்கு டக்குனு சத்தம் வருமா? நேத்து முச்சூடும். யாரோ தூங்குடி தூங்குடின்னு சொல்றா மாரி வேற கேட்டுச்சு. டிவிய போட்டுகினு தூங்குனியா?"

அவள் வீட்டில் டிவி இல்லை.

குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பேச்சிராஜின் குரலை அவள் ஐந்து மாதமாகக் கேட்கவில்லை. கிளியம்மாளுக்குக் கேட்டிருக்கிறது.

ஞாயிறு காலை தூங்குவதில்லை என்று முடிவு செய்தாள். நட்டை இறுக்கினாள். டக். இன்னொரு முறை. டக். ஐயனார் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், வண்டியை வெளியே எடுக்க விடக்கூடாது. ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு, சக்கரத்தில் முதுகு படும்படி சுவரோரம் உட்கார்ந்தாள். கரண்ட் போனது. ஃபேன் மெதுவாக நின்றது. கம்பிகளின் குளிர் முதுகில் இதமாக இருந்தது. வெளியே கம்பெனி பஸ் ஒன்று திரும்பியது. எங்கோ ஒரு குழந்தை. அப்புறம் அதுவும் இல்லை. கண் எரிந்தது. இரண்டே நிமிஷம்.

கதவு தட்டும் சத்தம்.

கன்னத்தின் கீழே தலையணை இருந்தது.

மடியில் ரெஞ்சு இல்லை. வலது கட்டைவிரல் மஞ்சளாக இருந்தது. எழுந்து கதவைத் திறந்தாள். சவரம் செய்து, துவைத்த சட்டையில் ஐயனார் நின்றான். பின்னால் நான்கு மணி வெயில். உள்ளே வந்து சக்கரத்தின் அருகே குந்தினான்.

"கோடு போட்டுட்டியா. ரொம்ப நல்லது."

"அண்ணே, அத நீங்க ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

"நீ கோடு போட்டா அதுக்கு மேல நான் இன்னாத்தம்மா பாக்கறது?"

ஊர்ப்பேச்சு மட்டும்தான் வேறு. குளித்த ஈரத்தோடு, இதே இடத்தில், ஒவ்வொரு முறையும் பேச்சிராஜ் சொன்னது.

"செத்த நில்லுங்க. ரெஞ்சு எடுத்தாரேன். நான் சொல்லுததக் கேட்டுட்டு அப்புறம் போங்க."

"சொல்லும்மா. நிக்கிறேன்."

ரெஞ்சு சமையல் மேடைக்குக் கீழே, ஓரமாக, யாரோ பத்திரமாக வைத்த மாதிரி இருந்தது. அதை எடுக்கக் குனிந்தாள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒங்க தகடு இல்லண்ணே. நான்தான். நட்ட இறுக்கல. கோடு மட்டும் போட்டேன். தூங்கிட்டேன். அவுக அத நம்பிப் போனாக. நீங்க சாப்புடுங்க, பட்டறைக்குப் போங்க, ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லி முடித்தாள். ஐந்து மாதத்தில் முதல் முறையாக மூச்சு அடிவயிறு வரை போனது. பதில் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அழுகிறான் போல என்று நினைத்தாள்.

"அண்ணே."

திரும்பினாள்.

கதவு திறந்திருந்தது. சுவரோரம் வண்டி இல்லை. ஐயனார் இல்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கேட்காது. தூங்குகிறவளை எழுப்பாமல் போவதற்கென்றே செய்த வண்டி.

வாசலுக்கு ஓடினாள். சந்து காலி. முனையில் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் பாலத்து மேடு. மேட்டில் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். கையில் ரெஞ்சு. கத்த வாயைத் திறந்தாள்.

பின்னால், வீட்டுக்குள், டக்.

திரும்பிப் பார்த்தாள்.

வண்டி நின்ற இடத்தில், அட்டைக் கிழிசலின் வெயில் விழும் இடத்தில், சிமெண்டுத் தரையில் அந்த நட்டு கிடந்தது. கீழே வைத்த வேகத்தில் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் பாதிக் கோடு. ஈரமாக.

மீதிப் பாதி அச்சோடு பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.