கணவாயில் ஒரு வெள்ளைக் கல்

கணவாய்க்குக் கீழே இருந்த கல் குடிசைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் முழுதாய் இறங்கவில்லை. மலை ஏறுகிறவர்கள் தங்கிப் போவதற்காக எப்போதோ யாரோ கட்டிப்போட்ட ஒற்றை அறை அது. தகரக் கூரை, மூலையில் அடுப்பு, சுவரோரமாக ஒரு பலகை. நர்ஸ் மூட்டையை இறக்கிவிட்டு மூச்சை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றாள். அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். வார்டில் கட்டு மாற்றாமல் விட்ட காலிலிருந்து வருமே, அது.

"எலி ஏதாவது செத்திருக்கும், அண்ணி," என்றான் சின்னவன். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்.

சின்னவன் அவள் கணவனின் தம்பி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பிழைப்பு: இந்தப் பக்கத்து ஆற்றங்கரையிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு, நாள்கணக்கில் நடந்து, கணவாய் ஏறி, அந்தப் பக்கத்து ஆற்றங்கரையில் கொண்டுபோய் விடுவது. போன வருடம் வழி பார்த்து வர இருவர் மட்டும் கிளம்பினார்கள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது தம்பிதான். அண்ணன் ஏறும்போதே ஆற்றில் விழுந்துவிட்டான், பாறையில் மண்டை அடிபட்டு அங்கேயே உயிர் போய்விட்டது, உடலைத் தண்ணீர் இழுத்துப்போய்விட்டது என்றான். ஊர் நம்பியது. மாமியாரும் நம்பினார். நர்ஸுக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நின்றது. ஊரார் உடலையெல்லாம் தினம் துடைத்துவிடுகிறவளுக்குத் தன் புருஷன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. வலியில்லாமல் போனானா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த நடை. சின்னவன் ஆயிரம் சாக்குச் சொல்லிப் பார்த்தான். அவள் விடவில்லை.

அன்றிரவு அவன் குளிரில் வெளியிலேயே படுத்துக்கொண்டான்.

காலையில் கணவாயைத் தாண்டி இறங்கத் தொடங்கியதுமே மூடுபனி கவிந்தது. மூடுபனியில் நடக்க இந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் பாறைமேல் ஒரு கல் வைப்பார். பின்னால் வருகிறவர் அதன்மேல் தன் கல்லை வைத்துக் குரல் கொடுப்பார். குரல் கேட்காமல் முன்னவர் நகரக் கூடாது. சின்னவன் கருங்கல் வைப்பான். பெரியவனுக்கு வெள்ளைக் கல்தான் பிடிக்கும். அதைப் பொறுக்கிப் பொறுக்கி அவன் சட்டைப்பை கிழியும், தைத்துத் தைத்து அவள் கை சலிக்கும். இந்தமுறை அவள் தனக்கென்று செங்கல் நிறக் கற்களைப் பொறுக்கி வைத்திருந்தாள். குளிர்காலத்துப் பனி எல்லா அடுக்குகளையும் தள்ளிவிடும் என்பதால் வருடாவருடம் புதிதாகத்தான் வைக்க வேண்டும்.

முதல் திருப்பத்தில் சின்னவன் கல்லின்மேல் தன் கல்லை வைத்து, "வந்தாச்சு" என்றாள். கீழேயிருந்து அவன் நடக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த திருப்பத்திலும் கருங்கல் இருந்தது.

அதன்மேல் வெள்ளைக் கல் ஒன்று இருந்தது.

தொட்டுப் பார்த்தாள். கைச்சூடு மாறாமல் வெதுவெதுப்பாக இருந்தது.

"தம்பி, இந்த வெள்ளைக் கல்லை நீயா வெச்ச?"

அவன் திரும்பி ஏறி வந்தான். பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை. உதடு மட்டும் முணுமுணுத்தது.

"அந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி இந்தப் பக்கம் வந்தாரு..."

"எந்தக் காலை?" என்றாள் நர்ஸ். "மண்டையில அடின்னுதானே சொன்ன?"

அவன் ஓர் அடி பின்வாங்கினான்.

"எந்தக் காலைடா?"

"ஒடிஞ்சுபோச்சு, அண்ணி. குடிசையில படுக்க வெச்சேன். ஆளைக் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினேன். அதுக்குள்ள பனி கொட்ட ஆரம்பிச்சுது. திரும்பிப் போனா நானும் செத்திருப்பேன். உயிரோட விட்டுட்டு வந்தேன்னு சொன்னா ஊரு காறித் துப்பும்."

"கால் ஒடிஞ்சா ஆள் சாகமாட்டான். தினம் பாக்குறேன்."

"தெரியும். நான் போறவரைக்கும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாரு." அவன் மேலே மூடுபனியைத் திரும்பிப் பார்த்தான். "பனி உருகினதும் போய்ப் பாத்தேன். குடிசையில ஆளு இல்ல."

மேலே, மூடுபனிக்குள், சரளைக்கல் நெரிபட்டது.

ஓர் அடி ஊன்றி, ஓர் அடி இழுத்து.

குடிசையின் நாற்றம் இறங்கி வந்தது. சின்னவன் அலறிக்கொண்டு ஓடினான். ஓடக்கூடிய இடமா அது? திருப்பத்தில் கால் சறுக்கிப் பாறை இடுக்கில் விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குப் பழகிய சத்தம்.

"அண்ணி, கால்! கட்டுப் போடுங்க அண்ணி!"

அவள் மூட்டையில் கட்டுத்துணி இருந்தது. வைத்துக் கட்டக் கம்பு கூட இருந்தது. அவனைத் தாண்டி நடந்து அடுத்த பாறைக்குப் போனாள். இனி முன்னால் போகிறவள் அவள்தான். செங்கல் நிறக் கல் ஒன்றை எடுத்து வைத்தாள். குரலுக்காகக் காத்திருக்கவில்லை.

"ஆளைக் கூட்டிட்டு வரேன்," என்றாள்.

அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வெகுதூரம் வரை கேட்டது. பிறகு சட்டென்று நின்றது.

ஆற்றுப் பாலத்தருகே டீக்கடைக்காரர், "தனியாவாம்மா வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றாள். டீ நன்றாக இருந்தது. அதை நினைத்துத்தான் பஸ்ஸில் அழுதாள்.

வீட்டுக்கு வந்தாள், குளித்தாள், வேலைக்குப் போனாள். காய்ச்சல்காரருக்கு மாத்திரை கொடுத்தாள், கால் ஒடிந்து வந்த ஒருவருக்குக் கட்டுப் போட்டாள். கட்டு ரொம்ப நேர்த்தி என்று டாக்டர் சொன்னார். தான் செய்தது நியாயம்தான் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லச் சொல்ல வாய் கசந்ததுதான் மிச்சம்.

வாசலில், படிக்கட்டின் மேல், அவள் மலையில் வைத்துவிட்டு வந்த செங்கல் நிறக் கல் இருந்தது.

அதன்மேல் ஒரு கருங்கல்.

அதன்மேல் வெள்ளைக் கல்.

தெருவில் யாருமில்லை. பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து, மெதுவாக, ஒரு குரல் வந்தது.

"வந்தாச்சு."