முக்கால் வாய்ப்பாடு

ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து கேட்டால் கலியம்மாள் மூச்சு விடாமல் பாடிவிடுவாள். நடுவில் நிறுத்தி, எட்டேழ் எவ்வளவு என்றால் திருதிருவென்று விழிப்பாள். மறுபடி ஓரேழிலிருந்து விரலை மடக்கிக்கொண்டு வர வேண்டும்.

பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்து வாய்ப்பாடு கேட்பார். இன்ஸ்பெக்டர்கள் முதலிலிருந்து கேட்பதில்லை. மூன்றாம் வகுப்பில் தேறாவிட்டால் படிப்பு போதும் என்று கலியம்மாளின் அப்பா ராசாங்கம் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் உட்காரும் புஷ்பவல்லிக்கு அவளைப் பற்றியே கவலை. பாண்டி ஆடும்போது அவளுக்கு ஒரு வழி தோன்றியது. கட்டங்களுக்குள் எண்களை எழுதினாள். சில்லு விழுந்த எண்ணை ஏழால் பெருக்கிச் சொன்னால்தான் நொண்டியடிக்கலாம். இல்லையென்றால் ஆட்டம் போச்சு. கலியம்மாள் ஆட்டத்தில் தோற்கப் பிறந்தவள் அல்ல. சில நாட்களில் சில்லு தரையைத் தொடுமுன்பே விடை வந்தது.

இன்ஸ்பெக்டர் நடுவிலிருந்துதான் கேட்டார். கலியம்மாள் டக்டக்கென்று சொன்னாள். வகுப்பிலேயே அவள்தான் முதல் என்று ஞானமுத்து வாத்தியார் ராசாங்கத்திடமே போய்ச் சொன்னார்.

அதுவே வினையாயிற்று.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. கலியம்மாளைக் காணோம். சாயங்காலம் புஷ்பவல்லி கடலைக் காட்டுக்குப் போனாள். அங்கே கடலை பறிக்கும் ஆட்களுக்குக் கடலையையே கூலியாக மரக்காலால் அளந்து கொடுப்பவர் ராசாங்கம். கணக்குத் தப்பி, பண்ணைக்காரரிடம் அடிக்கடி ஏச்சு வாங்குவார். இன்று கலியம்மாள் பக்கத்தில் நின்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெயிலானாத்தானே நிறுத்துவேன்னீங்க, மாமா?"

"அதான் கணக்கு வந்துருச்சே புள்ள. இன்னும் எதுக்குப் படிப்பு? நீதான் சொல்லிக் குடுத்தியாமே, புண்ணியமாப் போவட்டும்."

புஷ்பவல்லி கூலிக்கு நின்ற சிறுபிள்ளைகளைப் பார்த்தாள்.

"இதுங்களுக்கு ஆளுக்கு முக்கால் மரக்கால்தானே? ஏழு பேருக்கு மொத்தம் எவ்வளவுன்னு கேளுங்க, மாமா."

கலியம்மாள் விரலை மடக்கினாள், பிரித்தாள். விடை வரவில்லை. இன்ஸ்பெக்டரையே அசத்திய பெண்ணாமே என்று வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"அஞ்சே கால்," என்றாள் புஷ்பவல்லி. "முக்கால் வாய்ப்பாடு நாலாவதுலதான் மாமா. இன்னிக்குத்தான் சார் ஆரம்பிச்சாரு."

ராசாங்கம் அளந்து பார்த்தார். சரியாக இருந்தது.

"சரி, அது வர்ற வரைக்கும் போவட்டும். வந்ததும் நின்னுடணும்."

கலியம்மாளின் கண் கலங்கியிருந்தது. "எல்லார் முன்னாலயும் மானத்த வாங்கிட்டல்ல?"

"வேற வழி தெரியலடி," என்றாள் புஷ்பவல்லி.

மறுநாள் கலியம்மாள் வந்தாள். ஆனால் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டொரு வாரம் கழித்து, கிணற்றடியில் தண்ணீர் இறைத்தபடி அவள் முணுமுணுப்பது புஷ்பவல்லியின் காதில் விழுந்தது. முக்கால் வாய்ப்பாடு. ஒரு பிழை இல்லை.

அடுத்த நாள் வாத்தியார் அவளை எழுப்பி, ஏழு முக்கால் எவ்வளவு என்றார்.

கலியம்மாள் புஷ்பவல்லியை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"வரல சார்."

இன்ஸ்பெக்டரிடம் பேர் வாங்கியவள், பாதி வகுப்பு சிரிக்க முழங்காலில் நின்றாள். புஷ்பவல்லி மட்டும் சிரிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

ராசாங்கம் கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான். அந்த வருஷம் கலியம்மாளுக்கு எல்லாப் பாடமும் வந்தது. முக்கால் வாய்ப்பாடு மட்டும் வரவேயில்லை.